பந்து எறியும் பீரங்கி

போன வருஷம் ஏப்ரல் முதல் மூன்று மாதம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். வீட்டின் பின்பக்கம் கோழிக்கூண்டு போல நீளமாக ஒரு வலை. அதன் ஒரு கோடியில் முக்காலி, முக்காலியின் மேல் இரண்டு ரப்பர் சக்கரங்கள், பக்கத்தில் வாளி நிறைய மஞ்சள் பந்துகள். மறு கோடியில் மட்டையோடு என் பேத்தி. வயது பதினான்கு. சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு உத்தியோகம் உண்டு. வாளியிலிருந்து பந்தை ஒவ்வொன்றாக எடுத்து, அவளுக்குக் காட்டிவிட்டு, சுழலும் சக்கரங்களுக்கு நடுவே விட வேண்டும். உறுமலோடு பந்து பாயும். பத்தில் எட்டை அடித்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு ஒழுங்காக நான் பார்த்த வேலை வேறில்லை.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஆட்டம். எதிரணியில் பந்து எறிந்த பெண் ஒல்லியானவள். மெஷினைவிட வேகமாக எறியவில்லை என்று என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் பேத்தி மூன்று முறை மட்டை பிடித்து, மூன்று முறையும் பந்தைத் தொடாமலே வெளியேறினாள். வீடு திரும்பும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள்: "தாத்தா, மெஷின்ல வர்றதெல்லாம் அடிக்கிறேனே, அங்க மட்டும் ஏன் முடியல?" அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஆட்டத்தையே விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாளாம்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. விஷயம் விளங்காவிட்டால் கோப்பை முதல் தாளிலிருந்து படிக்க வேண்டும். இந்த மெஷின் எப்படி வந்தது, யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்? ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை நம் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தலைமுறையில் பலர் அதைப் பார்த்ததில்லை. சாப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை. மைதானம் சிறியது, பந்து பெரியது. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெயரில்தான் 'சாப்ட்', கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும், மேலே பட்டால் எலும்பு பேசும். முக்கியமான வேறுபாடு எறிவதில். பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து எறிவார்கள். சாப்ட்பாலில் கையைக் காற்றாலை போல ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகில் பந்தை விட வேண்டும். நம்மூரில் பெத்தாங் ஆடுகிறவர்கள் இரும்புக் குண்டைக் கீழிருந்து வீசுவார்களே, அந்தத் திசைதான். வேகத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த வேகமான வகைக்கு 'பாஸ்ட்பிட்ச்' என்று பெயர். பந்தை எறிபவர் பிட்சர். எதிரே நிற்பவரிடமிருந்து அவர் நிற்கும் தூரம் பெண்கள் ஆட்டத்தில் 43 அடி, அதாவது சுமார் 13 மீட்டர். பிரெஞ்சுப் பள்ளியில் மீட்டரும் கிலோமீட்டரும் படித்த எனக்கு அடியும் மைலும் இன்றைக்கும் மாற்றிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே வேடிக்கையானது. 1887 நவம்பரில், நன்றி நவிலும் நாளன்று, சிக்காகோவில் ஒரு படகுக் கழகத்தில் சிலர் கூடியிருந்தார்கள். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் கால்பந்து ஆட்டத்தின் முடிவு தந்தியில் வருவதற்காகக் காத்திருந்தார்கள். யேல் ஜெயித்தது என்று செய்தி வந்ததும், அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் குஷியில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி ஹார்வர்டு ஆள்மேல் எறிந்தார். அவர் அதை ஒரு கோலால் திருப்பி அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்ற நிருபர் கையுறையை அதன் கயிற்றாலேயே இறுகக் கட்டிப் பந்தாக்கினார். தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி ஆடத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் வெளியே பேஸ்பால் ஆட முடியாதவர்களுக்கு உள்ளே ஆட ஒரு வழி கிடைத்தது.

எட்டு வருஷம் கழித்து, 1895இல், மினியாபொலிஸ் நகரில் லூயிஸ் ரோபர் என்ற தீயணைப்பு அதிகாரி இதே போன்ற ஓர் ஆட்டத்தைத் தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தீ விபத்து இல்லாத நேரத்தில் ஆட்கள் சும்மா உட்கார்ந்து உடம்பு கெடக் கூடாது, மணி அடித்தால் உடனே ஓடவும் வேண்டும். அதனால் நிலையத்துக்குப் பக்கத்துக் காலி மனையிலேயே ஆட்டம். 'சாப்ட்பால்' என்ற பெயர் 1926இல்தான் வந்தது. 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் நடந்த போட்டிக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஆக, பயிற்சிக்காகவும் பொழுது போக்கவும் வந்த மாற்று ஆட்டம் ஒன்று தானே ஓர் ஆட்டமாகிவிட்டது. அதற்கும் பிறகு பயிற்சிக் கருவிகள் வேண்டியிருந்தன.

இனி பந்து எறியும் மெஷின். இதன் முதல் தாளைத் திருப்பியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் வீட்டிலிருந்து காரில் அரை மணியில் போய்விடலாம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே 1890களில் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் என்ற ஆங்கிலேயர் கணிதம் கற்பித்தார். நீளம், அகலம், உயரம் தவிர நான்காவது பரிமாணம் ஒன்று உண்டு என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். நான்கு பரிமாணக் கன சதுரத்துக்கு 'டெசராக்ட்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சொந்த நாட்டில் இரண்டு கல்யாண வழக்கில் தண்டனை பெற்று, பிறகு குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போய்ப் பள்ளி நடத்தி, அங்கிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

அவர் பார்த்தது ஒரு சின்னப் பிரச்சினை. மட்டை பிடிப்பவர்கள் பயிற்சி செய்ய யாராவது நூற்றுக்கணக்கில் பந்து எறிய வேண்டும். எறிபவரின் கை அதைத் தாங்காது. பயிற்சியிலேயே கை ஓய்ந்துவிட்டால் ஆட்டத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? மனிதக் கைக்கு ஒரு மாற்றுக் கை வேண்டும் என்று யோசித்தவர், 1897இல் செய்தது ஒரு பீரங்கி. நிஜமாகவே வெடிமருந்து போட்டுச் சுடுவது. குழலின் பின்பகுதியை மாற்றி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குழல் வாயில் ரப்பர் சுற்றிய இரண்டு இரும்பு விரல்கள். பந்து வெளியே வரும்போது அவை உரசிச் சுழல விடும், அதனால் பந்து வளைந்து போகும். பிரின்ஸ்டன் அணி இதை வைத்துப் பயிற்சி செய்தது. சிலருக்கு அடியும் பட்டது. முன்னால் புகையும் வெடிச்சத்தமும் வந்தால் மட்டையோடு நிற்பவன் பந்தைப் பார்ப்பானா, ஓட இடம் பார்ப்பானா?

அதே வருஷம் ஹின்டன் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அது இருப்பது மினியாபொலிஸில், தீயணைப்புக்காரர்கள் சாப்ட்பால் ஆடிக்கொண்டிருந்த அதே ஊரில். மெஷினும் அங்கே போயிற்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களோ இல்லையோ, ஒரே ஊரில் ஒரே காலத்தில் அந்த ஆட்டமும் இந்த எறியும் யந்திரமும் இருந்திருக்கின்றன.

வெடிமருந்து நிலைக்கவில்லை. ஆனால் ஹின்டனின் இரண்டு யோசனைகள், வேகத்தை மாற்றுவதும் பந்தைச் சுழல விடுவதும், இன்றுவரை தொடர்கின்றன. 1948இல் புளோரிடாவில் பிராஞ்ச் ரிக்கி என்ற பேஸ்பால் நிர்வாகி டாட்ஜர்ஸ் அணிக்குப் பெரிய பயிற்சி முகாம் அமைத்தார். முந்தைய வருஷம்தான் ஜாக்கி ராபின்சனைக் களம் இறக்கி, கறுப்பர்களை ஒதுக்கிவைத்த வழக்கத்தை உடைத்தவர். அவர் முகாமில் பந்து எறியும் மெஷின்கள் இருந்தன. பந்தை அசையாமல் தாங்கி நிற்கும் தண்டும் இருந்தது, 'டீ' என்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அந்தச் சட்டத்துக்குள் பந்தைப் போடச் சொல்லி எறிபவர்களைப் பழக்கினார். மலிவான சாமான், ஆனால் குறி தப்பியதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. டீயும் கயிற்றுச் சட்டமும் இன்று சாப்ட்பால் பெண்களின் பைகளில் சின்ன வடிவத்தில் வந்துவிட்டன.

1952இல் பால் ஜியோவக்னோலி என்பவர் தன் கோல்ப் பயிற்சித் திடலுக்காக ஒரு மெஷின் செய்தார். சுருள்வில்லின் இழுப்பில் ஓர் இரும்புக் கை சுற்றி வந்து பந்தை எறியும். காசு போட்டு அடிக்கும் இடங்களில் இந்த வகை பரவியது. 1970களின் தொடக்கத்தில் ஒரிகன் மாநிலத்தில் ஜான் பால்சன் சக்கர மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பேத்தி வீட்டில் நான் பார்த்தது அந்த வம்சம்தான். மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பந்து முன்சுழற்சி பெற்றுக் கீழே விழும். கீழ்ச் சக்கரம் வேகமாகச் சுற்றினால் பின்சுழற்சி. பந்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இறங்கும், பார்ப்பவருக்கு மேலே எழும்புவது போல இருக்கும். சாப்ட்பாலில் பேர் போன 'ரைஸ் பால்' அதுதான்.

வேகத்தை அளக்கும் கருவிக்கும் ஒரு கதை உண்டு. 1974இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வளாகப் போலீசார் வண்டிகளின் வேகத்தைப் பிடிக்க ராடார் துப்பாக்கி வாங்கிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்தார். வண்டியை அளந்தால் பந்தையும் அளக்கலாமே என்று தோன்றியது. அவர் கேட்டுக்கொண்டபடி பால்சனே பந்துக்கு ஏற்ற ராடாரைச் செய்துகொடுத்தார். இன்று பதினான்கு வயதுப் பெண்களின் ஆட்டத்திலும் வேலிக்குப் பின்னால் யாராவது ஒரு அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இவை எல்லாம் பெண்கள் கைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சட்டம் செய்தது. 'ஒன்பதாம் தலைப்பு' என்று அதைச் சொல்கிறார்கள். பையன்களுக்கு மைதானமும் பயிற்சியாளரும் உதவித்தொகையும் உண்டென்றால் பெண்களுக்கும் உண்டு. பள்ளிதோறும் கல்லூரிதோறும் சாப்ட்பால் அணிகள் எழுந்தன. ஆட ஆள் வந்ததும் அவர்களுக்கான சாமான் வந்தது. பெரிய பந்துக்கேற்ற சக்கர இடைவெளி வந்தது. பிட்சருக்கு முன்னால் நிறுத்தும் காப்பு வலையில் இடுப்பு உயரத்தில் திறப்பு வைத்தார்கள். சுழற்சி கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு நிறப் பந்தும் வந்தது. அரசாங்கச் சுற்றறிக்கைகளால் எதுவும் மாறாது என்று வேலைக்காலத்தில் கேலி பேசியவன் நான். இந்த ஒரு சட்டத்தைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இவ்வளவு படித்தும் பேத்தியின் கேள்வி அப்படியே நின்றது. விடை கடைசியில் ஒரு கணக்கில் கிடைத்தது. மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 88 அடி பாயும். தூரம் 43 அடி என்றாலும் பிட்சர் ஒரு நீண்ட எட்டு வைத்து முன்னால் வந்துதான் பந்தை விடுகிறார். மிச்சம் ஏறக்குறைய 37 அடி. அதைக் கடக்க 0.42 நொடி. பேஸ்பாலில் மணிக்கு 90 மைல் வேகப் பந்தும் அதன் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட இதே நேரம்தான். இந்த நேரத்துக்குள் பந்தைப் பார்த்து, யோசித்து, மட்டையைச் சுழற்றி முடிக்க முடியாது. அப்படியானால் நல்ல ஆட்டக்காரர்கள் எப்படி அடிக்கிறார்கள்? பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துவிடுகிறார்கள். தோள், இடுப்பு, மணிக்கட்டு, விரல் பிடி எல்லாவற்றிலும் பந்தின் விலாசம் எழுதியிருக்கிறது.

இதற்கு 1961இல் நடந்த ஒன்று சாட்சி. கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியில் ஒரு நிதி திரட்டும் காட்சி ஆட்டம். பேஸ்பாலின் மாபெரும் மட்டையாளர்களில் ஒருவரான டெட் வில்லியம்ஸுக்கு ஜோன் ஜாய்ஸ் என்ற இளம்பெண் சாப்ட்பால் எறிந்தார். வில்லியம்ஸால் ஒருசில பந்துகளைத்தான் தொட முடிந்தது. அவருடைய கண்ணுக்கோ கைக்கோ குறைச்சல் இல்லை. தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படித்துப் பழகியவருக்கு இடுப்பிலிருந்து வந்தது தெரியாத எழுத்து.

மெஷினுக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. நான் பந்தை உயர்த்திக் காட்டுவேன், சக்கரத்தில் விடுவேன், அதே உயரம், அதே வேகம். பேத்தி அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறவனிடம் நடுவில் நிறுத்திக் கணக்குக் கேட்டால் விழிப்பானே, அந்தக் கதை. இதைக் கருவி செய்கிறவர்களும் அறிவார்கள். பிட்சரின் படம் திரையில் ஓட, சரியான கணத்தில் திரையின் ஓட்டையிலிருந்து பந்து வரும்படி மெஷின்கள் வந்துவிட்டன. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் ஜப்பானின் என்டிடி ஆய்வகம், கண்ணில் மாட்டிக்கொண்டு எதிரணிப் பிட்சரை எதிரே பார்க்கும் மெய்நிகர் கருவியைக் கொண்டு தேசிய அணிக்கு உதவியது.

அதெல்லாம் நம் கைக்கு எட்டாது. "அப்படின்னா நிஜ ஆள்தான் எறியணும்" என்றாள் பேத்தி. அணியில் பிட்சர் இவளுடைய தோழிதான். மறுநாளே கேட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணும் சரி என்றாளாம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மர பெஞ்சில் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று இரண்டு ஆட்டம், இரண்டிலும் அவளே எறிந்திருந்தாள்.

இங்கேதான் கோப்பின் முதல் தாள் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. ஹின்டன் பீரங்கி செய்தது எதற்கு? எறிபவர் கையைக் காப்பாற்ற. சாப்ட்பாலில் நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது: கீழிருந்து எறிவது உடம்புக்கு இயல்பானது, தோள் தேயாது, ஒரே ஆள் எத்தனை ஆட்டமும் எறியலாம். 1990களில் விளையாட்டு மருத்துவர்கள் படமெடுத்து அளந்தபோது, காற்றாலை எறிதலில் தோள் தாங்கும் விசையும் பேஸ்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று தெரிந்தது. லிட்டில் லீக் பேஸ்பாலில் 2007 முதல் பையன்கள் எறியும் பந்துகளை எண்ணி நிறுத்துகிறார்கள். சாப்ட்பாலில் எண்ணும் வழக்கம் மெதுவாகத்தான் வருகிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உஎனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் எறிந்தார். 147, 171, 95 பந்துகள், மொத்தம் 413. கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவை 3-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அதன்பின் சாப்ட்பால் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, தோக்கியோவில்தான் திரும்பி வந்தது. 2021இல் 39 வயதில் உஎனோ மறுபடி எறிய, ஜப்பான் 2-0 என்று மறுபடி அமெரிக்காவை வென்றது. உலகம் கை தட்டியது, நானும் தட்டுவேன். ஆனால் ஐஸ் கட்டிய அந்தக் குழந்தையின் தோளைப் பார்த்த பிறகு 413 என்ற எண் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. உஎனோ ஒருவர். அவரைப் பார்த்து எறியும் பெண்கள் எத்தனை பேர்!

பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவகிட்ட கேக்கல தாத்தா, விடுங்க" என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது, ஆனாலும் அவளே சொன்னாள்.

வழி சொன்னவர் பயிற்சியாளர் அம்மாள். பிட்சர் எப்படியும் வாரம் இரண்டு நாள் தன் பயிற்சிக்காகக் கணக்கு வைத்து எறிகிறாள். அப்போது எதிரே வெறும் வலை இருப்பதற்குப் பதில் நீ தலைக்கவசத்தோடு மட்டை பிடித்து நில். ஆனால் அடிக்காதே, பார் என்றார். அவள் கை விடும் கணத்திலேயே என்ன பந்து என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோழிக்கு ஒரு பந்துகூட அதிகமில்லை. ஆள் நிற்பதால் அவளுக்கும் குறி பழகும்.

முதல் நாள் பேத்தி சொன்னதில் பாதி தப்பு. மூன்றாவது வாரம் தப்பு குறைந்தது. மெஷினை நாங்கள் தூக்கி எறியவில்லை. முக்காலியின் கால்களைக் குறைத்து, பந்து இடுப்பு உயரத்தில் வெளிவரும்படி வைத்தோம். வேகத்தையும் ஒவ்வொரு பந்துக்கும் அவளுக்குச் சொல்லாமல் மாற்றினேன். மட்டைக்கு வலுச் சேர்க்க அது போதும். கண்ணுக்குப் பாடம் தோழியிடம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை அதே ஒல்லிப் பெண் எதிரே எறிந்தாள். பேத்தி முதல் முறை வெளியேறினாள். இரண்டாம் முறை தப்பான பந்துகளைத் தொடாமல் விட்டே முதல் தளத்துக்கு நடந்தாள். மூன்றாம் முறை பந்து மட்டையில் பட்டுத் தரையோடு உருண்டது. ஓடி முடிப்பதற்குள் பிடித்துவிட்டார்கள். காரில் ஏறியதும் சொன்னாள்: "தாத்தா, இன்னிக்கு எனக்குப் பந்து தெரிஞ்சுது."

இப்போது வீடியோவில் பேசும்போது மதிப்பெண் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, "உன் சிநேகிதி தோள் எப்படி இருக்கு?" என்றுதான். அணியில் இன்னொரு பெண்ணும் எறியக் கற்றுக்கொள்கிறாளாம். அதுதான் எனக்கு நல்ல செய்தி.